தம்பி வேகமாக ஓடவில்லை

அன்பான உறவுகளே, அயலவர்களே, தம்பியின் சிநேகிதர்களே,

எங்கள் தம்பி விபத்தில் இறக்கவில்லை. கொலை செய்யப்பட்டார்.

இந்த நினைவு மலரின் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வழக்கமாக இந்த இடத்தில் ஊரின் பெருமையும் குலத்தின் சிறப்பும் வரும். அவற்றை அம்மா பின்னுக்குத் தள்ளிவிட்டார். "முதல் இதை எழுது. பிறகு உன்ரை செந்தமிழை எழுது" என்றார்.

ஐந்து வருடங்களாக எங்கள் வீட்டிலிருந்து எந்த மலரும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லா வீடுகளையும் போல நாங்களும் ஒன்று அச்சடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. முதலாம் வருடத்து ஆட்டைத் திவசத்துக்கும் அடிக்கவில்லை. கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு சாட்டுச் சொன்னேன். உண்மைக் காரணம், தம்பி இறந்த அன்று நான் எழுதிய மரண அறிவித்தல். அதில் ஒரு பொய் இருந்தது. அதைத் திருத்தாமல் அதன்மேல் இன்னொன்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றும் ஒரு பந்தி எழுதிவிட்டு எழும்பிக் கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்துதான் அடுத்ததை எழுதுகிறேன். ஓரிடத்தில் இருந்து எழுத இயலவில்லை. நடை அங்கங்கே தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், மட்டுவிலில் பிறந்தார். நான் பிறந்து பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வந்தவர். வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்குத் தப்பி, எழும்பி நடந்து எங்கள் பக்கம் வந்த மாரிகாலம் அது. எங்கள் வளவில் மட்டும் ஒன்பது குடும்பங்கள். மாட்டுக்கொட்டிலில் இரண்டு, கத்தரித் தோட்டத்து வரம்பில் படங்கு கட்டி மூன்று, மிச்சம் வீட்டுக்குள். அம்மாவுக்கு வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வீதியில் சனம் அசைய இடமில்லாமல் நின்றது. வளவில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் மருத்துவிச்சி. அவர்தான் பிள்ளையைக் கையில் ஏந்தினார். "இவ்வளவு சனத்துக்கை இதுவும் இடம் பிடிக்க வந்திட்டுது" என்று அவர் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அவருடைய பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. மழை விட்டதும் அவர்கள் எழும்பி வேறெங்கோ போய்விட்டார்கள்.

அப்பா கத்தரி போட்டவர். மட்டுவில் கத்தரிக்காய் என்றால் சந்தையில் தனி விலை என்பது உங்களுக்குத் தெரியும். தம்பி சாதாரணதரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பாவைச் சர்க்கரை வருத்தம் கொண்டுபோனது. அதன் பிறகு விடியப்புறம் தண்ணீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதும், சனிக்கிழமை சாக்கோடு சந்தைக்குப் போவதும் தம்பியின் வேலையாயிற்று. நான் அப்போது ஆசிரியை ஆகிவிட்டேன். கலியாணம் செய்யவில்லை. வீட்டில் அம்மா, நான், தம்பி. வெளியே எதற்கும் மாமா. அம்மாவின் தம்பியான அவர் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் செத்தவீட்டிலிருந்து எங்கள் வீட்டின் எந்த நல்லது கெட்டதும் அவர் கை படாமல் நடந்ததில்லை.

உயர்தரத்தில் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறியது. இரண்டு வருடம் தோட்டம் செய்தார். பிறகு ஒருநாள் பின்னேரம், பொலிசுக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக மாமாவுக்கு முன்னால் வைத்துச் சொன்னார். மாமாவுக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறிவிட்டது.

"பொலிசோ? விசரே உனக்கு? எங்கடை ஆக்கள் பொலிசைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிற ஆக்களெல்லோ!"

"அதுதான் மாமா. அந்தச் சைக்கிளைத் திருப்பாமல் நிக்கப் பண்ண ஒருத்தன் வேணும்."

"பொம்பிளை தரமாட்டாங்கள், சொல்லிப்போட்டன்."

"இப்ப மட்டும் படலையிலை வரிசையிலை நிக்கினமோ?"

அம்மா சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. தம்பி பிறகு நிதானமாகச் சொன்னார்: "அப்பாவின்ரை இறைப்பு மெசினைக் களவெடுத்த நேரம் அப்பாவோடை நானும் முறைப்பாடு குடுக்கப் போனனான். அப்பா ஒண்டு சொல்ல அவங்கள் சிங்களத்திலை என்னவோ எழுதிப்போட்டு, கையெழுத்தை வை எண்டாங்கள். அப்பா வைச்சார். என்ன எழுதிக் கிடந்தது எண்டு அவர் சாகும்வரைக்கும் அவருக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எழுத ஒருத்தன் இருந்தால் என்ன மாமா?"

பயிற்சிக்குப் போகும் நாளில் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் மாமாதான்.

தம்பி எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் ஒன்றில் முறைப்பாட்டு மேசையில் இருந்தார். சிங்கள உத்தியோகத்தர்கள் அவரை "மல்லி" என்றார்கள். அவர்கள் மொழியிலும் அது தம்பிதான். ஒருமுறை கோழி களவு போன முறைப்பாடு. வந்த பெண்மணி கோழியின் நிறம், ஒரு கால் நொண்டி, அதற்கு ராணி என்று பெயர், எல்லாம் சொல்ல, தம்பி எல்லாவற்றையும் எழுதினாராம். எழுதி முடித்து வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானே அம்மா? நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை" என்றாராம். அந்தப் பெண்மணி யோசித்து, "ராணி நாளுக்கு ஒரு முட்டை இடுறது எண்டும் போடு ராசா" என்றாராம். அதையும் போட்டார். பொறுப்பதிகாரி சிரித்துச் சிரித்தே கையெழுத்து வைத்ததாகத் தம்பி வீட்டில் நடித்துக் காட்டினார். கோழி கிடைத்ததா என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவரின் சாவைத்தான் நான் பொய்யாக எழுதினேன்.

அந்தக் காலத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து கள்ள மண் ஏற்றிய ரிப்பர் லொறிகள் விடியற்காலையில் எங்கள் வீதிகளால் ஓடின. தம்பி இரண்டைப் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார். அதன் பிறகு கைப்பேசியில் ஒரு குரல், அவர் எத்தனை மணிக்கு வீட்டால் வெளிக்கிடுகிறார் என்பதை அவருக்கே சொல்லியது. என்னிடம் சொன்னார். "அம்மாவுக்குச் சொல்லாதை அக்கா" என்றும் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லாமல் விடுவது எங்கள் வீட்டில் நான் தொடங்கிய பழக்கம் அல்ல. அப்பாவின் சர்க்கரையையும் நாங்கள் முதலில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதை அன்பு என்று நம்பி வளர்ந்த குடும்பம் நாங்கள்.

அன்று விடிய, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு கடமைக்குப் போனார். "மெல்லப் போ" என்று அம்மா சொன்னார். "ஓம், ஓம்" என்று தம்பி சொன்னார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது.

அதன் பிறகு நடந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபடி எழுதுகிறேன். சந்திக்குக் கிட்ட, தண்ணீர் ஒழுக ஒழுக மண் ஏற்றிக்கொண்டு இலக்கத்தகடு இல்லாத ரிப்பர் ஒன்று வந்தது. தம்பி மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கி, வீதியில் நின்று கை காட்டினார். ரிப்பர் அவரை அடித்து, மேல் ஏறிக்கொண்டு போனது. சற்றுத் தூரத்தில் நின்றது. பின் பக்கமாக ஓடி வந்து அவர்மேல் ஏறியது. பிறகு அவரை விலத்தி ஓடி மறைந்தது.

ஆஸ்பத்திரியில், பரிசோதனை முடித்த சட்டவைத்திய அதிகாரி என்னையும் மாமாவையும் தனியே கூப்பிட்டார். வயது குறைந்த மனிதர். மேசையைப் பார்த்தபடியே, "இது ஒருதரம் ஏறின காயம் இல்லை. ரெண்டுதரம். ரெண்டும் வேறை வேறை திசையிலை" என்றார். ஆகவே எங்களுக்கு அன்று பகல் பதினொரு மணிக்கே தெரியும். பிறகுதான் தெரிந்தது என்று நான் சொல்ல முடியாது.

வாசல் படியில் மாமா கொஞ்சநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நோட்டீஸ் அடிக்க வேணும் பிள்ளை. மத்தியானத்துக்கை குடுத்தால்தான் பின்னேரம் ஒட்டலாம்."

"என்னெண்டு எழுதிறது மாமா?"

"விபத்து எண்டு எழுது."

"மாமா, டொக்டர் இப்பதானே சொன்னவர்..."

"டொக்டர் கோட்டிலை சொல்லட்டும். நோட்டீஸ் அக்காவின்ரை கண்ணிலையெல்லோ படும். போன மாசம்தான் நெஞ்சுக்கு மருந்து மாத்தினது. ஒரு வீட்டிலை ஒரு நாளிலை ரெண்டு செத்தவீடு செய்ய என்னாலை ஏலாது மோனை."

அவர் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணீரோடு எழுதினேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். மிகவும் தெளிவாக, பிழையில்லாமல், அழகாக எழுதினேன். "வீதி விபத்தில் அகால மரணமடைந்தார்." இருட்டுவதற்கு முன் சந்தை மதிலிலும் பஸ் தரிப்பிடத்திலும் மின்கம்பங்களிலும் அது ஒட்டப்பட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உங்கள் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது.

செத்தவீட்டுக்குப் பொலிசார் அணியாக வந்தார்கள். பெட்டிக்கு மேல் நாட்டின் சிங்கக் கொடியைப் போர்த்தலாமா என்று பொறுப்பதிகாரி மிகவும் பணிவாகக் கேட்டார். மாமா என்ன சொல்வதென்று தெரியாமல் சனத்தைப் பார்த்தார். சனம் நிலத்தைப் பார்த்தது. அம்மாதான் சொன்னார்: "அவன் போட்டுக்கொண்டு போன தொப்பியை வையுங்கோ. காணும்." தொப்பியை வைத்தார்கள். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி வைத்தவர் மாமா. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சாம்பலைக் கரைத்தவரும் அவர்தான். இந்த மலரை வாசிப்பவர்கள் மாமாவைப் பற்றி எதை நினைத்தாலும் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அதற்கு முன், எட்டாம் நாள். எட்டுச் செலவுப் படையலுக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று படலையில் வந்து நின்றது. குருநகரிலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மீன் கொண்டுவரும் பத்திநாதர். எங்களோடு முன்பின் பழக்கமில்லை. கையில், மதிலிலிருந்து கிழித்தெடுத்த எங்கள் நோட்டீஸ்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. ஏன்?"

"பிழை விட்டிருக்கிறியள்."

"பேரிலையோ?"

"பேரிலை இல்லைத் தங்கச்சி. விபத்து எண்டெல்லோ கிடக்கு."

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ. அம்மா உள்ளுக்கை..."

அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் நிறுத்தவில்லை. "நான் ஒழுங்கைக்கை நிண்டு பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தனான். எல்லாம் பாத்தனான். அடிச்சுப்போட்டு நிண்டவன். நான் நினைச்சன், இறங்கித் தூக்கப் போறான் எண்டு. அவன் பின்னுக்கெல்லோ எடுத்தவன். ஒருக்கால் ஏறினால் விபத்து. திரும்பி வந்து ஏறினால் அதுக்கு என்ன பேர் தங்கச்சி?"

நான் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "தயவுசெய்து போங்கோ அண்ணை. அம்மாவுக்குத் தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற நிமிடங்களில் அது முதலாவது.

பத்திநாதர் நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எனக்கும் பயம்தான். பிள்ளைகுட்டிக்காரன். எட்டு நாளா வாய் திறக்கேல்லை. ஆனால் உந்த எழுத்தைக் கண்டாப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. ஆரோ முன்பின் தெரியாதவன் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. சொந்தச் சகோதரமே இப்பிடி எழுதினால் அந்தப் பொடியனுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

அவருடைய வாக்குமூலத்தால்தான் மூன்றாம் கிழமை ரிப்பர் அகப்பட்டது; ஓட்டியவர் அகப்பட்டார். அடையாள அணிவகுப்பில் பத்திநாதர் அவரைத் தொட்டுக் காட்டினார். ஓட்டியவருக்கு வயது இருபத்துநாலு. ரிப்பரின் சொந்தக்காரர் குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை. தம்பியின் கைப்பேசியில் பேசிய அந்தக் குரல் யாருடையது என்பது இன்றுவரை எழுதப்படவில்லை. அதை நினைக்கும் நாட்களில் எனக்கு ஒரு இடத்தில் கால் தரிப்பதில்லை.

வழக்கு நகர்ந்த வேகம் உங்களுக்குத் தெரியும். விளக்கமறியல், பிணை, தவணை, மீண்டும் தவணை. அம்மாவுக்கு அதை நட்டஈட்டு வழக்கு என்று சொன்னோம். பேப்பர் எடுப்பதை நிறுத்தினோம். எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் உண்மை தெரியும். மாமா வீடு வீடாகப் போய் அம்மாவுக்கு முன்னால் கதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருவரும் கதைக்கவில்லை. இவ்வளவு நல்ல அயல் எங்கும் கிடைக்காது. ஒரு பொய்யை ஒரு ஒழுங்கையே சேர்ந்து நாலு வருடம் பத்திரமாகக் காவியது.

ஆனால் பொய் சும்மா இருக்கவில்லை. தூரத்து உறவுகள் நோட்டீசை மட்டும்தான் கண்டார்கள். "பிள்ளை, அவன் கொஞ்சம் வேகம்தானே?" என்று ஒரு சித்தி கனடாவிலிருந்து கேட்டார். "ஹெல்மெற் போடேல்லையாக்கும்" என்று இன்னொருவர். குடிப்பழக்கம் இருந்ததோ என்று ஒருவர் சுற்றி வளைத்துக் கேட்டார். நான் "தெரியேல்லை" என்றேன். தேத்தண்ணீருக்கு மேல் எதையும் குடித்தறியாத பிள்ளைக்கு, தெரியவில்லை என்றேன்.

அம்மாவும் நம்பினார். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. காகத்துக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் அம்மா தம்பியை ஏசிப் பேசினார். "மெல்லப் போ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். கேட்டனியே? அப்பிடி என்னடா உனக்கு அவசரம்? சரி வா, வந்து தின்." நாலு வருடம். ஒருநாளும் தவறாமல். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மேல் நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரிக்கும் விளக்கம் தொடங்கியது. எனக்கு அழைப்பாணை வந்தது. ஓட்டியவருக்காக வாதாடும் எதிரி தரப்பின் கையில் எங்கள் நோட்டீஸ் இருப்பதாக அரச சட்டத்தரணி சொன்னார். இறந்தவரின் குடும்பமே விபத்து என்று எழுதியிருக்கும்போது, வீதியில் நின்ற மீன்காரர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கப் போகிறார்கள் என்றார். நீங்கள் அறிந்ததை அப்படியே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. என் எழுத்தால் ஒரு கொலைகாரர் வீட்டுக்குப் போகக்கூடும் என்பது எனக்கு அவருடைய மேசைக்கு முன்னால்தான் முழுதாக விளங்கியது.

மாமா அன்று பின்னேரமே வந்தார். "அப்ப தெரியாது எண்டு சொல்லு. பிறகுதான் தெரிஞ்சது எண்டு சொல்லு. முடிஞ்சுது அலுவல்."

"டொக்டர் எங்களுக்குச் சொன்னதை அவரும் கோட்டிலை சொல்லுவாரே மாமா. நான் பொய் எண்டு பிடிபட்டால் பத்திநாதரும் பொய்யாய்ப் போவார்."

"அப்ப உண்மையைச் சொல்லி, அது பேப்பரிலை வந்து, அக்கா வாசிக்கட்டும். அக்காவுக்கு ஏதும் ஆச்சுதெண்டால்..." முடிக்காமல் சைக்கிளை எடுத்தார்.

பேப்பர் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும். அடுத்த நாள் காலை, அம்மா முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தினேன். மருந்துப் போத்தலை மடிக்குள் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு கொப்பு முழுவதும் உருவி முடித்தார்.

"திரும்பி வந்தே ஏத்தினவன்?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ரை பிள்ளை வேகமா ஓடேல்லை."

"இல்லை."

"மெல்லத்தான் போனவனோ?"

"போகேல்லை அம்மா. நிண்டவன். சைக்கிளை ஓரமா விட்டிட்டு, இறங்கி நிண்டவன்."

அம்மா எழும்பினார். சேலையை உதறிக் கட்டினார். நாலு வருடமாகக் கோயிலுக்கு அல்லாமல் படலை தாண்டாதவர் ஒழுங்கையில் இறங்கினார். நான் மருந்தோடு பின்னால் ஓடினேன். முதலாவது வீட்டுப் படலையில் நின்று, "பிள்ளை, என்ரை மகன் வேகமா ஓடேல்லை. அவனைக் கொலை செய்தவங்கள்" என்றார். அந்த வீட்டுப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு தலை குனிந்து, "தெரியும் மாமி" என்றார். அடுத்த வீடு. "தெரியும் அக்கா." அதற்கடுத்தது. "எங்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லத்தான்..." நாலாவது வீட்டில் அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நாங்கள் நாலு வருடம் பயந்த அந்த நெஞ்சு அப்படியே நின்று எல்லாவற்றையும் வாங்கியது.

"ஊருக்கே தெரியும்" என்றார் திரும்பும் வழியில். "எனக்கு மட்டும்தான் தெரியாது. நாலு வருசமா நான் பிழையான சாவுக்கு அழுதிருக்கிறன். அழுததும் பரவாயில்லை. பிள்ளையைப் பேசிப்போட்டனே. ஒரு நாளும் மறுத்துக் கதையாத பிள்ளையை, செத்தாப் பிறகும் மறுத்துக் கதைக்க ஏலாமல் வைச்சுப் பேசிப்போட்டன்."

அன்று காகத்துக்கு அம்மா ஒன்றும் பேசாமல் சோறு வைத்தார். என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

சாட்சி சொன்ன நாளில் மாமா பார்வையாளர் வாங்கில் இருந்தார். எதிரி தரப்புச் சட்டத்தரணி நோட்டீசைக் காட்டினார்.

"இதை எழுதியவர் யார்?"

"நான்."

"எழுதும்போது இறந்தவர் கொலை செய்யப்பட்டார் என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியென்றால் நீங்கள் பொய் எழுதுகிறவர்."

"ஓம். அதிலை எழுதினது பொய்."

"இப்போது சொல்வதை மட்டும் மன்று எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம் ஐயா. டொக்டர் சொன்னதை நம்புங்கோ. மீன்பெட்டியோடை நிண்டவர் சொன்னதை நம்புங்கோ. நான் எழுதினதை மட்டும் ஒருதரும் நம்பாதையுங்கோ."

நீதிபதி நிமிர்ந்து, அப்படி எழுதும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டார். அங்கே ஒரு கணம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் அன்பாகத்தான் இருந்திருக்கும். "என் மாமா சொன்னார். அம்மாவின் நெஞ்சு வருத்தத்துக்காகச் சொன்னார். ஆனால் எழுதியது நான்" என்றேன். வாங்கில் சத்தம் கேட்டது. மாமா எழும்பி வெளியே போனார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

தீர்ப்பு ஆறு மாதத்தின் பின் வந்தது. அந்தப் பிரசுரம் ஒரு தாயை மனதில் வைத்து எழுதப்பட்டதென்றும், அதனால் சக்கரம் போன திசை மாறிவிடாதென்றும் நீதிபதி கண்டார். வேண்டுமென்று செய்யாத கைமோசக் கொலை என்ற வாதம் எடுபடவில்லை. கொலை என்றே தீர்த்தார். தண்டனை வாசிக்குமுன், மன்றின் வழக்கப்படி, மின்விளக்குகளை அணைத்தார்கள். எல்லோரும் எழும்பி நின்றோம். பட்டப்பகலில் அந்த மண்டபம் இருண்டது. மரண தண்டனை. அடுத்த வாங்கில் ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். நான் எதிர்பார்த்த ஆறுதல் வரவில்லை. சப்பாத்துக்குள் கால் துடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் அம்மா வாசலில் நின்றார்.

"என்னவாம்?"

"தூக்குத் தண்டனை. ஆனால் தூக்கிலை போடமாட்டினம். உள்ளுக்கை வைச்சிருப்பினம்."

"போடாட்டில் பிறகேன் சொல்லினம்?"

"சட்டம் அப்பிடி அம்மா."

"அவன்ரை தாய் வந்தவவோ?"

"வந்தவ."

"என்ன சொன்னவ?"

"என்ரை பிள்ளை வேணுமெண்டு செய்யேல்லை, அது விபத்து, விபத்து எண்டு கத்தினவ."

அம்மா வாசல் படியில் இருந்தார். பிறகு, "பாவம். அவவுக்கும் ஆரோ அப்பிடிச் சொல்லி வைச்சிருக்கினம்" என்றார்.

எதிரி மேன்முறையீடு செய்திருக்கிறார். அது இன்னும் விளக்கத்துக்கு வரவில்லை. இன்னும் எத்தனை தவணை என்று தெரியாது. எது எப்படி முடிந்தாலும் தம்பி எப்படி இறந்தார் என்பது இனி எங்கள் வீட்டில் மாறாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பயத்தோடும் வந்து சொன்ன பத்திநாதர் அண்ணைக்கும், அவரை ஒவ்வொரு தவணைக்கும் அனுப்பிவிட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கும். எட்டாம் நாள் கொடுக்காத தண்ணீரை இப்போது அவர் வரும்போதெல்லாம் கொடுக்கிறோம். மேசையைப் பார்த்தபடி உண்மையைச் சொன்ன வைத்தியருக்கு. வழக்கை விடாமல் நடத்திய அரச சட்டத்தரணிக்கும், மல்லிக்காகத் தங்கள் விடுமுறை நாட்களில் அலைந்த பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கும். வாய் மூடியிருந்த எங்கள் ஒழுங்கைக்கு, அவர்களின் நல்ல மனதுக்காக. இனிமேல் மூடவேண்டாம் என்ற வேண்டுகோளோடு.

மாமாவுக்கு. போன கிழமை திவசத்துக்குச் சொல்லப் போனேன். என்னைப் படலையில் வைத்தே கதைத்தார்.

"திவசத்துக்கு வாறன். கொள்ளி வைச்சவன் நான், வராமல் விடேலாது. ஆனால் உன்ரை மலரை வாசிக்கமாட்டன்."

"வாசிக்க வேண்டாம் மாமா. கையிலை வாங்குங்கோ."

"அதிலை என்னைப் பற்றி எழுதியிருக்கிறியோ?"

"ஓம்."

"நல்லதோ கெட்டதோ?"

"நடந்தது."

"விடுவியே நீ" என்றார். பிறகு, "உள்ளுக்கை வா, வெயிலுக்கை நிக்காதை" என்றார். அதற்காகவும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு ஒருமுறை முழுவதும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் தம்பியைப் பேசியதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். நான் பேசினது பிழை எண்டு நாலு பேர் வாசிக்கட்டும்" என்றார். கடைசிப் பந்தியில், கடமையின்போது வீரமரணம் எய்திய எங்கள் தம்பியின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று எழுதியிருந்தேன். அங்கே அம்மா கண்ணைத் திறந்தார்.

"அந்தச் சொல்லை எடு."

"எதை அம்மா?"

"வீரம். இதென்ன திருப்பியும் தொடங்கிறாய்? அவன் வீரம் காட்டப் போனவனே? விடிய எழும்பி, புட்டைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போனவன். பின்னேரம் வீட்டை வரவெண்டுதான் போனவன். அப்பிடிப் போடு."

அப்படியே போட்டிருக்கிறேன். எங்கள் தம்பி வேலைக்குப் போனார். பின்னேரம் வீட்டுக்கு வருவதற்காகப் போனார்.